கற்பூரம் அணைத்த துரை

கோர்ட்டு துரை செத்துப்போன அன்று, அவர் பங்களா வாசல் கூட்டிய பவுனம்மாள் தாலியைக் கழற்றினாள். இது உண்மை. என் இரண்டு கண்ணால் பார்த்தேன். ஆனால் அதற்கு மேல் காப்பார் சாலையிலும் கிள்ளான் பாசாரிலும் கைகால் வைத்துப் பேசுகிறார்களே, துரைக்கும் அவளுக்கும் தொடுப்பு இருந்தது, அவர் போனதும் இவள் தாலியறுத்தாள் என்று, அந்தப் பேச்சு காதில் விழுந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த வாய்களில் வசம்பை வைத்துத் தேய்க்க ஆள் இல்லாமல் போய்விட்டது. என் பெயர் அப்துல் கனி. சொந்த ஊர் நாகப்பட்டினத்துக்குப் பக்கம், கப்பல் ஏறி இங்கே பிழைக்க வந்தவன். துரை பங்களாவின் குசினியில் அடுப்பூதியே என் தலை நரைத்தது. குசினிக்காரனுக்குத் தெரியாமல் ஒரு பங்களாவில் பூனை கூடக் குட்டி போட முடியாது. அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

துரையின் பெயர் மெர்ட்டன். ஒரு காப்பித் தோட்டத்துக்குச் சின்ன துரையாக வந்தவர். அப்போது பூஞ்சை உடம்பு, மாதத்தில் பாதி நாள் காய்ச்சல். காப்பிச் செடி பூச்சி விழுந்து போனதும் மற்ற வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டினார்கள். இவர் போகவில்லை. காப்பார் பக்கம் யாரும் சீந்தாத சதுப்பு நிலத்தைக் கவர்மெண்டிடம் வாங்கி, கடல் ஏறாமல் இருக்க நீளமாக மண் கரை போட்டு, உள்ளே ரப்பர் நட்டார். அந்தக் கரைதான் தோட்டத்துக்கு உயிர். ஓரிடத்தில் உடைந்தாலும் உப்புத் தண்ணீர் உள்ளே வந்து அத்தனை கன்றும் கருகிவிடும். மழைக்காலத்தில் துரை சோற்றில் கை வைத்தபடியே கடல் இரைச்சலைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். நான் வைத்த மீன் குழம்பு ஆறிப் போகும்.

பிறகு காலம் திரும்பியது. கவர்மெண்டில் அவரை மாஜிஸ்திரேட் ஆக்கினார்கள். செவ்வாயும் வெள்ளியும் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு கிள்ளானில் கோர்ட்டில் உட்காருவார். அதிலிருந்து அவர் கோர்ட்டு துரை, எங்களுடையது கோர்ட்டுத் தோட்டம். அந்தக் காலத்தில் ஒப்பந்தம் முடியாமல் தோட்டத்தை விட்டு ஓடினால் அது குற்றம். பிடித்துக்கொண்டு வந்து இவர் முன்னால்தான் நிறுத்துவார்கள். துரை நன்றாகத் தமிழ் பேசுவார். மாட்டுவண்டிக்காரர்களிடமும் கூலிகளை மேய்க்கிற மண்டோர்களிடமும் கற்ற தமிழ். மரியாதை கொடுத்துப் பேச அதில் வழியே கிடையாது. வாங்க போங்க என்று அவர் வாயில் ஒரு நாளும் வந்ததில்லை. ஆனால் மனிதர் கெட்டவரா என்று கேட்டால், சட்டென்று ஆமாம் என்று சொல்ல எனக்கு வரவில்லை. எனக்கு அம்மை கண்டபோது பங்களாவுக்குள்ளேயே படுக்க வைத்துப் பார்த்தவர்.

கற்பூர சமாசாரத்துக்கு வருகிறேன். தோட்டத்துக் கூலி ஜனங்கள் குடியிருக்கிற லயத்தில் கோழி காணாமல் போனாலும், ஒருத்தன் இன்னொருத்தன் பெண்டாட்டியைப் பற்றித் தப்பாகப் பேசினாலும், கடைசியில் கற்பூரத்துக்குத்தான் வருவார்கள். மாரியம்மன் கோயில் முன்னால் வெற்றிலை மேல் கற்பூரத்தை ஏற்றி வைத்து, குற்றம் சாட்டப்பட்டவன் சத்தியம் சொல்லி உள்ளங்கையால் அதை அணைக்க வேண்டும். பொய்யாக அணைத்தால் அந்தக் கை அழுகும், குலம் அறும் என்பது பேச்சு. அணைத்துவிட்டால் அதோடு வழக்கு முடிந்தது. அதற்குப் பிறகு யாரும் அவனை ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. துரை ஒரு நாள் இதைப் பார்த்தார். திருடியவன் கையை நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டு, ஓவென்று அழுதான். துரைக்கு ஒரே ஆச்சரியம். அடுத்த வாரமே கோட்டுப் பையில் கற்பூரக் கட்டியைப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போய்விட்டார். எழுதி வைத்ததைப் படித்துச் சத்தியம் செய்யச் சொன்னால் வாய் கூசாமல் பொய் சொன்னவர்கள், கற்பூரத்தைக் கண்டதும் உள்ளதைக் கக்கினார்கள். மெர்ட்டன் கெட்டிக்காரன் என்று வெள்ளைக்காரர்கள் கிளப்பில் மெச்சினார்கள். என் மார்க்கத்தில் இதற்கெல்லாம் இடமில்லை. ஆனாலும் எரிகிற கற்பூரத்தின் முன்னால் நின்று பொய் சொல்ல எனக்கே துணிவு வராது.

ஒரு வருஷம் அமாவாசைக்குக் கடல் ஏறியபோது, மழையும் சேர்ந்துகொள்ள, மதகுக்குப் பக்கத்தில் கரை உடைந்தது. தோட்டத்தில் இருந்த ஆண் பிள்ளைகள் எல்லாம் மண்வெட்டியோடு ஓடினார்கள். துரையே இடுப்பளவு சேற்றில் நின்றார். பொழுது சாயும்போது உடைப்பை அடைத்துவிட்டார்கள். எல்லோரும் திரும்பி வந்தார்கள். கன்னையா வரவில்லை.

கன்னையா மண் வேலைக்காரன். அதிகம் பேசாத பிள்ளை. பவுனம்மாளைக் கட்டி வருஷம் கூட ஆகவில்லை. அவன் கொஞ்ச நாளாகவே ஓடிப்போகிற எண்ணத்தில் இருந்தான், கூட்டத்தோடு கூட்டமாய் நழுவிவிட்டான் என்று மண்டோர் வேலாயுதம் சொன்னான். துரையும் ஆமாம் என்று தலையாட்டினார். கணக்கெழுதுகிற கிராணி, கன்னையா ஓடிப்போனான் என்று எழுதி மூடினார். சம்பளப் பிடித்தம் என்றால் பத்து தடவை எழுதிப் பார்க்கிற மகராசன், ஒரு மனுஷனைக் காணோம் என்றதும் எத்தனை சுருக்காக எழுதி முடித்தார் பாருங்கள்.

பவுனம்மாள் நம்பவில்லை. வெற்றிலைப் பையை வீட்டில் விட்டுவிட்டு எந்த மனுஷன் ஓடுவான் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. மூன்றாம் நாள் காலையில் பங்களா முன்னால் வந்து நின்றாள். பின்னால் லயத்து ஜனங்கள் அத்தனை பேரும். அவள் கையில் தட்டு, தட்டில் வெற்றிலை, வெற்றிலையில் கற்பூரம். நான் துரைக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோன நேரம். தட்டைப் படியில் வைத்துக் கற்பூரத்தை ஏற்றினாள். அழவில்லை. அவள் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

“ஓடிட்டாரு, ஓடலை, அதெல்லாம் எனக்கு வேணாம் தொரை. கோர்ட்டுல எல்லாரையும் சூடம் அணைக்கச் சொல்றீங்கள்ல. எம் புருசன் உசுரோட இருக்காருன்னு சொல்லி நீங்க அணைங்க. நான் பொட்டு வச்சுக்கலாமா வேணாமான்னு எனக்குத் தெரியணும்.”

துரை சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஊரெல்லாம் கற்பூரத்தை நீட்டியவர் தனக்கு நீட்டினால் எப்படி வேண்டாம் என்பார்? அத்தனை கண்ணும் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இது நம் வேதமா, நம் சாமியா, வெறும் புகைதானே என்று நினைத்திருப்பார். குனிந்தார். “கன்னையா ஓடிட்டான். உசுரோட இருக்கான்” என்று சொல்லி உள்ளங்கையை வைத்து அழுத்தினார். கற்பூர வாசனை பங்களா பூராவும் ஏறியது. பவுனம்மாள் அவர் காலில் விழுந்து எழுந்தாள். அந்த முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்தவன் நான். 

அதற்குப் பிறகு லயத்தில் எல்லோரும் துரையின் கையைக் கவனித்தார்கள். அழுகவில்லை. ஒரு கொப்புளம் வந்து உதிர்ந்தது, அவ்வளவுதான். அவருக்குக் காய்ச்சல் வரவில்லை. கரை மறுபடி உடையவில்லை. அடுத்த இரண்டு மழைக்கும் கல் மாதிரி நின்றது. ரப்பர் விலை வானத்துக்கு ஏறியது. வேலாயுதம் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் கப்பல் ஏறி ஊருக்குப் போய்விட்டான், திரும்பவில்லை. துரைக்கு ஒன்றும் ஆகாததைப் பார்த்து ஜனங்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். சத்தியம் பொய்யாக இருந்தால் அம்மன் சும்மா விட்டிருப்பாளா? விட்டுவிட்டாள் என்றால் அது மெய். கன்னையா எங்கேயோ உயிரோடு இருக்கிறான். இப்படித்தான் கணக்குப் போட்டார்கள், நான் உட்பட.

பவுனம்மாள் பங்களா வாசல் கூட்டுகிற வேலைக்கு வந்து சேர்ந்தாள். அவளாகக் கேட்டு வந்தாள். காரணம் இருந்தது. ஓடிப்போனவர்கள் பிடிபட்டால் துரை கோர்ட்டுக்குத்தானே வர வேண்டும்? ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் தலை குளித்து, மஞ்சள் பூசி, அகலமாய்க் குங்குமம் வைத்து, பூ முடித்து, துரை திரும்புகிற நேரத்துக்குப் படிக்கட்டின் கீழே நிற்பாள். வண்டி வந்து நின்றதும் கேட்பாள்: “வந்தாரா தொரை?” துரை “இல்ல” என்பார். அவள் போய்விடுவாள். வேறு ஒரு பேச்சும் கிடையாது.

முதலில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. பிறகு துரையைப் பார்த்தேன். கோர்ட்டுக்குக் கற்பூரம் கொண்டுபோவதை நிறுத்தினார். துணி வைக்கிற கற்பூர மரப் பெட்டியைத் தூக்கி வெளியே போடச் சொன்னார். அவர் கோட்டுகளையெல்லாம் பூச்சி தின்றது, மறு பெட்டி வாங்கவில்லை. அறையில் என்னவோ வாடை வருகிறது என்று என்னைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்வார். ஒரு வாடையும் இருக்காது. ஒரு தடவை பின் வழியாக வீட்டுக்குள் நுழைந்தார். அவள் முன் படிக்கட்டிலேயே இருட்டும் வரை நின்றாள். கடைசியில் அவரே எழுந்துபோய் இல்ல என்று சொல்லிவிட்டு வந்தார். அவளை வேறு தோட்டத்துக்கு அனுப்பப் பார்த்தார். என் புருஷன் திரும்பி வந்தால் என்னை இங்கேதானே தேடுவார் என்று அவள் அசையவில்லை. துரையின் பெண்டாட்டி துரைசானி ஒரு நாள் என்னிடம் யார் அந்தப் பொம்பிளை, எதற்கு அலங்காரம் செய்துகொண்டு என் புருஷனுக்குக் காத்திருக்கிறாள் என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். நம்பினாரோ என்னவோ, அடுத்த கப்பலில் சீமைக்குப் போய்விட்டார். சாயங்காலமானால் துரை தனியாகக் கரை மேல் நடப்பார். மதகு வரை போவார். அதைத் தாண்ட மாட்டார். அங்கேயே நின்று தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அந்தக் கையில் ஒரு வடு கூட இல்லை. அதுதான் அவரை அரித்தது என்று இப்போது எனக்குப் புரிகிறது.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வேலையில் ரெங்கசாமி என்று ஒருவர் இருந்தார். பெண்டாட்டியை இழந்தவர், தங்கமான குணம், குடி கிடையாது. பவுனம்மாளைப் பார்த்துவிட்டு என் மூலமாகக் கேட்டு அனுப்பினார். நானும் இவளிடம் மெல்லச் சொன்னேன். புருஷன் உயிரோடு இருக்கும்போது இது என்ன பேச்சு, துரை கற்பூரம் அணைத்திருக்கிறார் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போடி பைத்தியக்காரி, விட்டுவிட்டு ஓடினவனுக்காக யாராவது இளமையைக் காவு கொடுப்பார்களா என்று கத்தினேன். எதிரிலேயே சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்த துரை எழுந்து உள்ளே போனார். அன்றைக்குச் சாப்பிடவில்லை. ரெங்கசாமி வேறு இடத்தில் கட்டினார். நான்கு பிள்ளைகள் பிறந்தன. கிள்ளான் தேருக்கு அவர்கள் வந்தபோது பவுனம்மாள் கடைசிக் குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாள். திருப்பிக் கொடுக்க மனம் வராமல் கொடுத்தாள். 

அப்புறம் சட்டம் மாறியது. தோட்டத்தை விட்டு ஓடினால் ஜெயில் என்பது போயிற்று. ஓடிப்போனவர்களைக் கோர்ட்டுக்குக் கொண்டுவருவதே நின்றுபோயிற்று. அவள் கேட்பது நிற்கவில்லை. துரைக்கும் வயதாகி மாஜிஸ்திரேட் வேலையிலிருந்து இறங்கினார். இனி இந்தத் தொல்லை ஒழிந்தது என்று நினைத்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் துரை பூச்சி தின்ற கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு மோட்டாரில் ஏறினார். கோர்ட்டு இல்லாத கோர்ட்டுக்குப் போனார். கிள்ளான் ஆற்றங்கரையில் மோட்டாரை நிறுத்தச் சொல்லி, பொழுது போகும்வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தாராம். டிரைவர்தான் என்னிடம் சொன்னான். திரும்பி வந்தார். படிக்கட்டின் கீழே பவுனம்மாள். “வந்தாரா தொரை?” “இல்ல.” வாரத்தில் இரண்டு நாள், வருஷக் கணக்கில் அப்படியே நடந்தது. யா அல்லா, ஒரு வீட்டுக்குள் ஜின் புகுந்தாலும் ஓதி விரட்டலாம். இதற்கு என்ன ஓதுவது?

ரப்பர் விலை விழுந்து தோட்டங்கள் மூடிய வருஷம் வந்தது. கூலி ஜனங்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பல் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். எங்கள் லயம் காலியாகிக்கொண்டு வந்தது. பவுனம்மாளின் அண்ணன் சேலத்துப் பக்கம் இருந்தான், அவளை வரச் சொல்லி ஆள் மேல் ஆள் விட்டான். அவள் மாட்டேன் என்றாள். தோட்டத்தை விட்டுப் போனால் வருகிறவர் யாரைத் தேடுவார் என்றாள். நரைத்த தலையில் பூவோடு, ஆளில்லாத லயத்தில் ஒற்றையாக இருந்தாள். துரை அப்போது படுத்த படுக்கை. ஒரு மத்தியானம் நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அவளைக் கூட்டி வா என்றார். கூட்டி வந்தேன். நான் வெளியே போக எழுந்தபோது, நீயும் இரு என்றார்.

துரை சொன்னது இதுதான்: அன்றைக்கு மதகுக்குப் பக்கம் உடைப்பின் உள்ளே இறங்கிக் கட்டை ஊன்றியவன் கன்னையா. மேலிருந்த மண் மொத்தமாகச் சரிந்து அவன் மேல் விழுந்தது. மற்றவர்கள் மண் எடுக்கப் போயிருந்தார்கள், பார்த்தவர்கள் துரையும் வேலாயுதமும் மட்டும். தோண்டினால் கரை மறுபடி போய்விடும், கடல் உள்ளே வந்துவிடும். துரை தோண்டச் சொல்லவில்லை. மண்ணைப் போடச் சொன்னார். அவன் மேலேயே போட்டு அடைத்தார்கள். தோண்டியிருந்தால் உயிர் இருந்திருக்குமா என்று தெரியாது, அதைத்தான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று துரை சொன்னார். சொல்லிவிட்டுத் தன் கையை அவளிடம் நீட்டினார், இதோ பார் என்பது போல. நாளைக்கே ஆள் விட்டுத் தோண்டுகிறேன், தோட்டமே போனாலும் போகட்டும் என்றார். நான் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

பவுனம்மாள் நீட்டிய கையைத் தொடவில்லை. பிறகு சொன்னாள்.

“தோண்ட வேணாம் தொரை. நீங்க சூடத்த அணைச்சுச் சொன்னீங்க. அத நான் வச்சுக்கிட்டேன். இப்ப வந்து திருப்பிக் கேக்காதீங்க.”

போய்விட்டாள். கிழவருக்குக் காய்ச்சலில் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தாள் போல என்றுதான் நான் எண்ணினேன். வெள்ளிக்கிழமை வந்தது. மஞ்சள், குங்குமம், பூ. துரையின் அறை ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள். “வந்தாரா தொரை?” என்றாள். துரை கண்ணை மூடிக்கொண்டார். அவள் நகரவில்லை. பதில் வரும்வரை நின்றாள். “இல்ல” என்றார். செவ்வாய்க்கிழமை மறுபடி வந்தாள். அதற்கடுத்த வெள்ளியும் வந்தாள். துரை என்னைப் பார்த்து அழுதார், அவளை வர வேண்டாம் என்று சொல் என்று கெஞ்சினார். நான் போய்ச் சொன்னேன். அவள் காதில் வாங்கவில்லை. கடைசி வெள்ளிக்கிழமை துரைக்குக் குரலே எழவில்லை. ஆனாலும் சொன்னார், என் ஆயுசில் அவர் வாயில் கேட்காத விதமாகச் சொன்னார்: “இன்னும் வரலீங்கம்மா.”

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது உயிர் போயிற்று. அன்றைக்கே கிள்ளானில் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். நான் திரும்பி வந்தபோது பங்களாவில் பவுனம்மாளைக் காணோம். கரைக்குப் போனேன். மதகுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் குங்குமம் இல்லை. தாலியைக் கழற்றி மண்ணில் குழி பறித்து வைத்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்குத் துரை வாய்விட்டுச் சொன்னபோதே கழற்றியிருந்தால் என்ன, இவ்வளவு நாள் எதற்கு இந்த வேஷம், நீ அவரை நம்பினாயா இல்லையா என்று கேட்டேன்.

“சொன்ன நிமிசமே தெரிஞ்சுபோச்சு பாய். அன்னிக்கே கழட்டியிருந்தா தொரை நிம்மதியா கண்ண மூடியிருப்பாரு. என்னை இம்புட்டு வருசம் காக்க வச்சாரே. கொஞ்ச நாளு அவரும் காத்திருக்கட்டும்னு விட்டேன்” என்றாள்.

அப்புறம்தான் அழுதாள். இருபது வருஷத்து அழுகை. நான் தள்ளி நின்றேன். மண்ணை மூடி, அதன் மேல் வெற்றிலை வைத்துக் கற்பூரம் ஏற்றினாள். கடல் காற்றில் அது படபடத்து எரிந்தது. யாரும் அதில் கை வைக்கவில்லை. தானாக எரிந்து தீரும்வரை இரண்டு பேரும் அங்கேயே இருந்தோம். அடுத்த கப்பலில் அவளை நான்தான் ஏற்றிவிட்டேன். இதற்குத்தான் கிள்ளான் பாசாரில் தொடுப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.